வெலிங்டனுக்குக் குடிபோகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

படைவீரர் குடும்பங்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் நான்கு, நீலகிரி மாவட்டத்தில் குன்னூரை ஒட்டியுள்ள வெலிங்டன் ராணுவ முகாமைப் பற்றியவை. என் கணவர் அங்கே இரண்டு முறை பணியில் இருந்தபோது மொத்தம் 5 ஆண்டுகள் நானும் அந்த மலையில் குடியிருந்தேன். எனவே பொதுவாகச் சொல்வதைக் காட்டிலும், நான் வாழ்ந்து அறிந்தவற்றைக் கொண்டே இக்கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, என் கணவர் மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தார். திருமணமாகி 9 ஆண்டுகள் ஆகின்றன. அவர் பெரும்பாலும் எல்லைப்புறத்திலேயே இருந்ததால், நான் மாமனார், மாமியாருடன் கிராமத்திலேயே இருந்துவிட்டேன். இப்போது அவருக்கு வெலிங்டனுக்கு மாற்றல் ஆகி, குவார்ட்டர்ஸும் ஒதுக்கியிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளையும் 2 வயது மகனையும் அழைத்துக்கொண்டு அடுத்த மாதம் போகிறோம். முகாம் வாழ்க்கையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. முதலில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, பெட்டி கட்டத் தொடங்குவதற்கு முன்பாக உங்கள் கணவரிடம் ஒன்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் திருமணமும் இரண்டு குழந்தைகளின் பிறப்பும் ‘பார்ட் டூ ஆர்டர்’ எனப்படும் ஆவணத்தில், பெயரிலும் பிறந்த தேதியிலும் பிழையில்லாமல் ஏறியிருக்க வேண்டும். ராணுவ மருத்துவமனைச் சிகிச்சையானாலும், குடும்ப அடையாள அட்டையானாலும், இன்னும் பல உரிமைகளானாலும் அந்தப் பதிவை வைத்துத்தான் கிடைக்கும். கிராமத்தில் இருந்தவரை அதன் தேவை உங்களுக்குத் தெரிந்திருக்காது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் எம்.எச். எனப்படும் ராணுவ மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு பெயர் பொருந்தவில்லை என்று கேட்கும்போதுதான் தெரியும். ஆதார் அட்டை, பிறப்புச் சான்றிதழ், பார்ட் டூ ஆர்டர் ஆகிய மூன்றிலும் பெயரின் எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள்.

அங்கே போனதும் வீட்டை ஏற்றுக்கொள்ளும் நாள் வரும். அதை ‘மார்ச்சிங் இன்’ என்பார்கள். வீட்டிலுள்ள மின்விசிறி, கட்டில், கண்ணாடி, குழாய் என ஒவ்வொன்றையும் பட்டியல்படி சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அன்றைய தினம் கணவருக்கு அவசர வேலை இருந்தாலும், நீங்களாவது உடன் இருந்து, உடைந்த தாழ்ப்பாள் முதல் ஒழுகும் குழாய் வரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதாமல் விட்ட குறைகளுக்கெல்லாம் வீட்டை ஒப்படைக்கும் நாளில் நீங்கள்தான் பொறுப்பாவீர்கள். வீடுகளைப் பராமரிப்பது எம்.இ.எஸ். எனப்படும் ராணுவப் பொறியியல் பிரிவு. குறைகளை வாயால் சொல்லிவிட்டு வராமல், புகார்ப் பதிவேட்டில் எழுதி எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது.

வேலூர் வெயிலில் வாழ்ந்த உங்களை அங்கே முதலில் சோதிக்கப்போவது குளிர் இல்லை, ஈரம். வெலிங்டன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 6,000 அடி உயரத்தில் உள்ளது. குளிருக்குக் கம்பளியும் ஸ்வெட்டரும் இருக்கின்றன; மழை மாதங்களில் சுவரிலும் அலமாரியிலும் படியும் பூசணத்துக்குப் பழக்கம் ஒன்றுதான் மருந்து. திருமணப் பட்டுப் புடவையை இரும்புப் பெட்டியின் அடியில் மடித்து வைத்து மூன்று மாதம் திறக்காமல் இருந்துவிட்டேன். மடிப்பு முழுவதும் வெண்பூசணம் பூத்துக் கறையாகிவிட்டது. வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள், பெட்டிகளைத் தரையில் படாமல் செங்கல் மீது ஏற்றி வையுங்கள், விலையுயர்ந்த துணிகளை மாமியார் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அறையைச் சூடாக்கக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கும் வழக்கம் உயிருக்கே ஆபத்தானது. யார் சொன்னாலும் அதைச் செய்யாதீர்கள்.

சமையலறையிலும் சில மாற்றங்கள் தேவைப்படும். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் வைத்த அரிசியும் பருப்பும் நெடுநேரம் வேகாமல் கிடக்கும். குக்கர் இல்லாமல் அங்கே குடும்பம் நடத்துவது கடினம். கிராமத்தில் வைப்பதைவிட ஓரிரு விசில் கூடுதலாக வையுங்கள். இட்லி மாவு புளிப்பது இன்னொரு கவலை. முதல் வாரத்தில் இரண்டு முறை மாவரைத்து, இரண்டு முறையும் கல் போன்ற இட்லியைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கண் கலங்கியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கேரளச் சேச்சிதான் வழி சொன்னார்: வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றையும் அருகில் வைத்து, பெரிய பெட்டிக்குள் மூடிவிட வேண்டும். மறுநாள் மதியத்துக்குள் பொங்கிவிடும். காய்கறிக்குக் குறையே இருக்காது. நாம் சௌசௌ என்பதை அங்கே மேராக்காய் என்பார்கள். அந்தப் பெயரில் கேளுங்கள், கடைக்காரர் முகம் மலரும்.

மகளின் பள்ளியைப் பொறுத்தவரை, கேந்திரிய வித்யாலயாவில் சேர்க்க விரும்பினால், மாற்றலுக்கு உட்பட்ட மத்திய அரசுப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கும் படைவீரர் பிள்ளைகளுக்கும் முன்னுரிமை உண்டு. பணி மாற்றச் சான்றையும் பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழையும் கையோடு கொண்டுபோங்கள். ஆனால் ஒன்று: இதுவரை அவள் தமிழ்வழியில் படித்திருந்தால், ஆங்கிலமும் இந்தியும் ஒருசேர வந்து முதல் பருவத்தில் அவளைத் திணறடிக்கும். மதிப்பெண் குறைகிறதே என்று அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். அதே வேளையில், தமிழ் எழுத்து அவள் கையை விட்டுப் போய்விடாதபடி, தினமும் மாலையில் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் நான்கு வரிக் கடிதம் எழுத வையுங்கள். என் மூத்த மகனிடம் இதைச் செய்யத் தவறியதை இன்றும் நினைத்து வருந்துகிறேன். அவன் தமிழ் நன்றாகப் பேசுவான். இந்தப் பக்கத்தை அவனால் படிக்க முடியாது.

கேள்வி: முகாம் என்றால் சுற்றிலும் மதிலும் காவலும் இருக்குமே, என் பெற்றோர் வந்தால் தங்க முடியுமா? வீட்டையும் சுற்றுப்புறத்தையும் படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்பலாமா?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: வெலிங்டன் ஒரு கன்டோன்மென்ட், அதாவது படையினரும் பொதுமக்களும் சேர்ந்து வாழும் ராணுவக் குடியிருப்பு நகரம். தமிழ்நாட்டில் உள்ள இரண்டில் இது ஒன்று, மற்றது பரங்கிமலை–பல்லாவரம். கன்டோன்மென்ட் எல்லைக்குள் கடைவீதியும் பொதுமக்கள் குடியிருப்புகளும் பேருந்துச் சாலையும் உண்டு. பிளாக் பிரிட்ஜ், பாய்ஸ் கம்பெனி என்ற பெயர்களைப் பேருந்து நடத்துநர் கூவக் கேட்பீர்கள். பயிற்சித் திடல்கள், படைப்பிரிவு அலுவலகங்கள், சில குடியிருப்புப் பகுதிகள் ஆகியவற்றில்தான் காவல் வாயில் இருக்கும். பெற்றோர் வந்து தங்குவதாக இருந்தால், முன்கூட்டியே கணவர் மூலம் பிரிவில் தெரிவித்துவிட்டு, அவர்கள் அடையாள அட்டையோடு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் எடுப்பதில் மிகுந்த கவனம் தேவை. குழந்தையை வீட்டுக்குள் படமெடுத்து அனுப்புவதில் தவறில்லை. காவல் வாயில், வாகனங்கள், சீருடையோடு நிற்கும் வீரர்கள், பெயர்ப் பலகைகள் ஆகியவை பின்னணியில் தெரியும் எந்தப் படத்தையும் எடுக்காதீர்கள், சமூக ஊடகங்களில் போடாதீர்கள். கணவர் எங்கே போயிருக்கிறார், எப்போது திரும்புவார் என்று அறிமுகமில்லாதவர் தொலைபேசியில் கேட்டால், அவர் அலுவலகத்திலிருந்தே பேசுவதாகச் சொன்னாலும், பதில் சொல்லாமல் வைத்துவிட்டுக் கணவரின் பிரிவுக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி: வெலிங்டனுக்கு வந்து 8 மாதங்கள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட வீட்டிலேயே அடைந்து கிடக்கிறோம். ஊட்டிக்கு ஒருமுறை போய்ச் சுற்றுலாக் கூட்டத்தில் சிக்கித் திரும்பினோம். சிப்பாய்ச் சம்பளத்தில், சொந்த வாகனம் இல்லாமல், குழந்தைகளோடு போய்வரக்கூடிய இடங்கள் உண்டா?
– ஒரு வாசகி, வெலிங்டன்

பதில்: உண்டு; உங்கள் கடிதத்தைப் படித்ததும் உடனே கிளம்பி வந்து உங்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும் என்றே தோன்றியது. எட்டு மாதங்களை விட்டுவிட்டீர்கள், இனி ஒரு ஞாயிறையும் விடாதீர்கள்.

முதலில் ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர் செல்லும் நீலகிரி மலை ரயில் பாதையில், குன்னூருக்கு அடுத்த நிலையம் உங்கள் வெலிங்டன்தான். 1899-இல் குன்னூர் வரை வந்த பாதை, 1908-இல் உதகையை எட்டியது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வெளியூரிலிருந்து பெருஞ்செலவு செய்து பலர் ஏறும் ரயில் உங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ஓடுகிறது. விடுமுறைக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, வெலிங்டனிலிருந்து அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக உதகைக்குப் போய்த் திரும்புங்கள். 1900-களின் தொடக்கத்தில் உருவான வெடிமருந்துத் தொழிற்சாலை அருவங்காட்டில்தான் உள்ளது. அதைத் தாண்டியதும் கேத்திப் பள்ளத்தாக்கு அடுக்கடுக்கான காய்கறித் தோட்டங்களோடு விரியும். அந்தப் பக்கத்துச் சன்னலோரத்தில் குழந்தைகளை உட்கார வையுங்கள்.

கணவருக்கு இரண்டு நாள் விடுப்பு கிடைக்கும்போது, ஒருமுறையாவது மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலையேறும் ரயிலில் வாருங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை பாதை 12 அடிக்கு 1 அடி என்ற செங்குத்தில் ஏறுகிறது. வெறும் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால், நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறும்படி அமைத்திருக்கிறார்கள். எஞ்சின் பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளும். இதை என் மகனுக்கு விளக்கிய அன்று, அவன் வீட்டுக்கு வந்து இரண்டு சீப்புகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து நெடுநேரம் விளையாடினான்.

நடந்தே போக ஒரு இடம் சொல்கிறேன், அது சுற்றுலா வரைபடத்தில் இருக்காது. உங்கள் முகாமுக்கு அருகிலுள்ள ஜெகதளா என்ற படகர் ஊர். 1850-களில் ஆங்கிலேயர் இங்கே படைவீடுகளைக் கட்டத் தொடங்கியபோது இந்த இடத்துக்கு அந்த ஊரின் பெயரையே திரித்து ‘ஜக்கடல்லா’ என்று வழங்கினார்கள். வெலிங்டன் என்ற பெயர் பின்னால் வந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்களின் தொப்பிச் சின்னத்தில் உள்ள யானைக்கும் அந்தப் பெயருக்குமே ஒரு தொடர்பு உண்டு. 1803-இல் நடந்த அசாயே போரில், பிற்காலத்தில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லியின் கீழ் போரிட்ட மதராஸ் படைப்பிரிவுகளுக்குக் கிடைத்த அடையாளம் அந்த யானை. இதைச் சொல்லிக்கொண்டே பிள்ளைகளை நடத்திக் கூட்டிப் போங்கள். ஊருக்குள் வரிசை வரிசையாக வீடுகள் இருக்கும். அவரைக்கொடிகளும் தேயிலைத் தோட்டமும் சூழ்ந்திருக்கும். வீட்டு முற்றங்களில் அனுமதியின்றி நுழையாமல், பெரியவர்களைக் கண்டால் வணங்கிவிட்டுப் பேசுங்கள். மார்கழியை ஒட்டி வரும் ஹெத்தையம்மன் பண்டிகையின்போது வெள்ளை உடுத்திய படகர்கள் ஊர்வலமாகச் செல்வதைப் பார்க்கலாம். அது வழிபாடு என்பதை மறவாமல் ஒதுங்கி நின்று பாருங்கள்.

குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்குக் காலை நேரத்திலேயே போய்விடுங்கள். 1874-இல் தொடங்கிய அந்தப் பூங்காவில் ருத்ராட்ச மரத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். கட்டுச்சோறு எடுத்துப் போகலாம். ஆனால் நீலகிரியில் பிளாஸ்டிக் பைகளுக்கும் தண்ணீர்ப் பாட்டில்களுக்கும் தடை உண்டு. எவர்சில்வர் டப்பாவும் வீட்டுக் குடிநீர்க் குடுவையும் போதும். லாம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ் ஆகிய காட்சிமுனைகளுக்கும் காலையிலேயே போனால்தான் பள்ளத்தாக்கும் கேத்தரின் அருவியும் தெரியும். பகல் ஏற ஏற மூடுபனி வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். கோடையில் கீழே மேட்டுப்பாளையம் பேருந்தில் பர்லியார் வரை போய்ப் பாருங்கள். அரை நாளில் தேயிலைக் குளிரிலிருந்து பாக்கும் பலாவும் விளையும் வெக்கைக்கு இறங்கிவிடுவீர்கள். மலை என்பது ஒரே தட்பவெப்பம் அல்ல என்பதைப் பாடப்புத்தகத்தைவிட அந்தப் பேருந்துப் பயணம் நன்றாகக் கற்றுத்தரும்.

ஊரிலிருந்து உறவினர் காரில் வருவதாக இருந்தால், 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவை என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். இன்னொரு எச்சரிக்கை, மழையைப் பற்றியது. மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் குன்னூர்ப் பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே பெருமழை. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டுபோயின. அந்த மாதங்களில் மண் சரிந்து சாலையும் ரயிலும் நின்றுபோவது உண்டு. ஊர்சுற்றலை ஜனவரிக்குத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு வாரத்துக்கான அரிசி, பருப்பு, பால்மாவு, மெழுகுவத்தி ஆகியவற்றை வீட்டில் வைத்திருங்கள்.

இந்தச் சாக்கில், உங்கள் மலையின் காட்டெருமைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாலையில் குடியிருப்புச் சாலையிலேயே அவை நிற்கும். அவை தாமாக வந்து தாக்குவது அரிது. படம் எடுக்க நெருங்கும்போதும் நாய் குரைத்து மிரட்டும்போதும்தான் விபரீதம் நேர்கிறது. வழியில் நின்றால் நீங்கள் காத்திருங்கள், அது போகட்டும். சமையல் கழிவை இரவில் வெளியே வைக்காதீர்கள். அந்த வாசனைக்குக் கரடி வரும்.

கேள்வி: என் கணவர் பயிற்சிக்காக வாரக்கணக்கில் வெளியே போய்விடுகிறார். முகாமில் யாரோடும் எனக்கு ஒட்டவில்லை. வெளியே போனாலும் ‘மிலிட்டரிக்காரங்க, இரண்டு வருஷத்துல போயிடுவாங்க’ என்று கடைக்காரரே சொல்கிறார். எந்த ஊருக்கும் சொந்தமில்லாதவளாக உணர்கிறேன்.
– ஒரு வாசகி, வெலிங்டன்

பதில்: அன்பு மகளே, கடைக்காரர் சொன்னது உண்மை, இரண்டு மூன்று ஆண்டுகளில் போய்விடுவீர்கள். அதற்காக, இருக்கும் நாளில் சொந்தமாக இருக்கக் கூடாது என்று ஆகிவிடாது. அந்த மலையில் பெரும்பாலோர் எங்கிருந்தோ வந்தவர்கள்தாம். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் பேசிப் பாருங்கள். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பேத்திகள் பலர் அவர்களில் இருப்பார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தரவே அரசு ‘டேன்டீ’ எனப்படும் தன் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா அமிர்தசரசில் பிறந்தவர். வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் கல்லூரியின் தலைவராக இருந்த அவர், ஓய்வுக்குப் பின் குன்னூரிலேயே குடியிருந்து, 2008-இல் உங்கள் ராணுவ மருத்துவமனையில்தான் கண்மூடினார், உதகையில் அடக்கமானார்.

முகாமுக்கும் ஊருக்கும் நடுவே நீங்கள் உணரும் அந்தச் சுவரை நானும் உணர்ந்திருக்கிறேன். 2021 டிசம்பர் 8 அன்று, சூலூரிலிருந்து வெலிங்டன் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்த விமானப்படை ஹெலிகாப்டர், முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்டவர்களோடு காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. முதலில் ஓடிப் போனவர்கள் அந்தச் சிற்றூர் மக்கள். குடங்களில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். மீட்டவர்களைத் தூக்கிச் செல்லத் தங்கள் வீட்டுக் கம்பளிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏழை வீடுகளில், டிசம்பர் குளிரில், கொடுத்த கம்பளிகள் அவை. விழுந்தவர்கள் எந்த ஊர், எத்தனை வருடம் இருப்பார்கள் என்று அன்று யாரும் கேட்கவில்லை. பின்னர் ராணுவம் அந்த ஊருக்கு நன்றி சொல்லி, மருத்துவ முகாம்கள் நடத்தியது.

எனவே வெளியே உள்ளவர்களிடம் தயங்காமல் பழகுங்கள். ஒரே காய்கறிக் கடை, ஒரே தையல்காரர், ஒரே கோயில் அல்லது தேவாலயம் என்று வைத்துக்கொண்டு தொடர்ந்து போய்வாருங்கள். மூன்றாவது மாதத்தில் கடைக்காரர் உங்களைப் பெயர் சொல்லி அழைப்பார். முகாமுக்குள் மகளிர் நலக் கூட்டங்களுக்குக் கட்டாயத்துக்காகப் போய்க் கடைசி வரிசையில் அமர்ந்துவிட்டு வராதீர்கள். தையல், கணினி, சமையல் என்று ஏதாவது ஒரு வகுப்பில் பெயர் கொடுங்கள். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசும் பெண்கள் அங்கே கூடியிருப்பார்கள். உங்களைப் போலவே யாராவது முதலில் பேசட்டும் என்று அவர்களும் காத்திருப்பார்கள். கணவர் வெளியே போயிருக்கும் வாரங்களில் இரவு துணைக்கு யாரை அழைப்பது, குழந்தைக்கு உடம்பு சரியில்லாவிட்டால் எந்த எண்ணைக் கூப்பிடுவது என்பதை அவர் கிளம்புவதற்கு முன்பே எழுதி வாங்கிச் சமையலறைக் கதவில் ஒட்டிவிடுங்கள். துக்கம் பல வாரங்கள் நீடித்து, உறக்கமும் பசியும் கெட்டால், அதை மறைக்காமல் எம்.எச். மருத்துவரிடம் சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்பக்கத்தின் முதல் கேள்வியை எழுதிய வேலூர்ச் சகோதரி அடுத்த மாதம் அங்கே வந்து இறங்கப் போகிறார். அவர் உங்கள் குடியிருப்புத் தொகுதியிலேயே குடிவரலாம், வேறு பக்கத்திலும் வரலாம். லாரியிலிருந்து கறுப்பு இரும்புப் பெட்டிகள் இறங்கும் நாளில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. பாத்திரமெல்லாம் பெட்டிக்குள் இருக்கும், குழந்தை பசித்து அழும். உங்கள் படிக்கட்டில் அப்படிப் பெட்டிகள் இறங்கும் ஓசை கேட்டால், ஒரு ஃபிளாஸ்க் தேநீரும் குழந்தைக்குச் சூடான பாலும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள். மாவு புளிக்கும் வழியையும் மறக்காமல் சொல்லிவிட்டு வாருங்கள்.